கனஅடி பார்த்து எடுக்கும் படம்

கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் பேச என் ஸ்டூடியோவுக்கு வரும் மாப்பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். கடற்கரை, சிவந்த அந்தி வானம், கரும்பாறைகள், அவற்றைச் சுற்றி அலையே இல்லாமல் வழுவழுவென்று கிடக்கும் தண்ணீர். "அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்பார்கள். ஷட்டரைச் சில நொடிகளோ சில நிமிடங்களோ திறந்தே வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் படம் அது. எடுக்கலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னமனூரில் கடலுக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருந்தும் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. சென்னையிலிருந்து தெற்கே வரும் கரையில் பெரும்பகுதி கிழக்கு பார்த்தது. அங்கே சூரியன் எழுவது கடலில், மறைவது ஊருக்குப் பின்னால். கன்னியாகுமரியில்கூட ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் கடலில் மறையும். மற்ற மாதங்களில் அது வடமேற்கே நகர்ந்து நிலத்துக்குப் பின்னால் போய்விடும். குமரி மாவட்டத்து முட்டம் நல்ல இடம், ஆனால் எங்களுக்குத் தூரம். குமுளி மலை ஏறி, கோட்டயம் வழியாக ஆலப்புழைக்குப் போவது எங்களுக்குக் கொஞ்சம் தோது. இரண்டு இடத்திலும் ட்ரைபாட்டை அலைக்குள் ஊன்றி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு அலை பின்வாங்கும்போதும் காலடி மணலை அரித்து ட்ரைபாட்டை ஒரு நூல் கீழே இறக்கிவிடும். உப்புத் தூவானம் கண்ணாடியில் படிந்து படத்தில் மங்கல் விழும். அந்தத் தொல்லை எதுவும் இல்லாமல், கடல் இல்லாத இந்தப் பள்ளத்தாக்கில் அந்தியையும் தண்ணீரையும் சேர்த்து எடுக்கப் பழகியதுதான் என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன். கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலை. பஞ்சாங்கப்படி சூரியன் மறையும் நேரம் நவம்பரில் 6 மணியை ஒட்டியும் ஜூலையில் 6.40ஐ ஒட்டியும் வரும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மலையடிவாரத்து லோயர்கேம்பில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலையிலிருந்து தள்ளி இருக்கும் சின்னமனூர், மார்க்கையன்கோட்டை வயல்வெளியில் கால்மணி நேரம் முன்னால். மலை நிழல் தரையில் விழுந்துவிட்ட பிறகும் வானம் வெளிச்சமாகவே இருக்கும். வயலும் ஆறும் நிழலில் கிடக்க, எதிரே கிழக்கில் மேகமலையின் முகடு மட்டும் இன்னும் வெயிலில் செம்மண் நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

கடற்கரையில் எல்லோரும் மேற்கே பார்த்து நிற்பார்கள். இங்கே மேற்குக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் படம். நிழலில் கிடக்கும் தண்ணீருக்கு வேண்டிய எக்ஸ்போஷர் நேரம் நிறைய. முகட்டு வெயிலுக்கு வேண்டியது அதில் சிறு பங்கு. நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). மேல்பாதி மட்டும் கறுத்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரை மலைக்கு மேல் பிடித்து அந்த வித்தியாசத்தைக் குறைக்கிறோம். மலைமுகடு நேர்கோடாக இல்லாததால் ஃபில்டரின் ஓரம் முகட்டில் எங்காவது கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். மெல்லக் கறுப்பு ஏறும் ஃபில்டராகப் பார்த்து வாங்க வேண்டியது அதனால்தான்.

சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் விழுகிற வேகம் இன்னொரு கணக்கு. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே. சூரியன் சாய்ந்து சறுக்காமல் ஏறக்குறைய நேராக இறங்கும். ஐரோப்பாக்காரர் எழுதிய புத்தகத்தில் அந்தி ஒரு மணி நேரம் இருக்கும் என்று படித்துவிட்டு நிதானமாக நின்றால் ஏமாந்துதான் போக வேண்டும். இங்கே சுமார் 21, 22 நிமிடத்தில் கண்ணுக்கு உதவும் வெளிச்சம் முடிந்துவிடும். தோராயமாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் குறையும், அதாவது பாதியாகும். மீட்டர் நாலு நிமிடம் என்று சொன்னால், அந்த நாலு நிமிடம் ஓடுவதற்குள் வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருக்கும். ஆறேழு நிமிடமாவது திறந்து வைத்தால்தான் படம் ஓரளவு கணக்காக வரும்.

இனி தண்ணீர். கடலோரத்தில் படம் எடுப்பவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். நான் பேப்பரில் அணை நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். மாவட்டப் பக்கத்தில் அது தினமும் வரும். பெரியாறு அணை எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி. அதற்குக் கீழே வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி. டீக்கடையில் விவசாயி முதலில் விரலை வைக்கும் இடம் அதுதான், எனக்கும் அதுதான். ஒரு கனஅடி என்பது நொடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். கோடையில் குடிநீருக்கு மட்டும் 100 கனஅடி விடுவார்கள். ஜூன் தொடக்கத்தில், அணையில் தண்ணீர் இருந்தால், முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100 என்று 300 கனஅடி வழக்கமாக வரும். மழை பிடித்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தில் எல்லா ஜெனரேட்டரும் ஓடினால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஆற்றங்கரைக்குப் போனால் எந்தப் பாறை வெளியே நிற்கும், எது முழுகியிருக்கும் என்பதே தெரியாது.

பெரியாறு இயற்கையில் மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. 1895-இல் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்த பிறகுதான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அதன் தண்ணீர் கிழக்கே எங்கள் பக்கம் இறங்கியது. ஆலப்புழைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். அதே அரபிக்கடலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய தண்ணீரின் ஒரு பங்கைத்தான் நாங்கள் வீரபாண்டியிலும் பழனிசெட்டிபட்டியிலும் தடுப்பணைக்கு மேல் ட்ரைபாட் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கேமராவுக்கு ஒன்றல்ல. கடலில் அலை வரும், போகும். பத்து நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், அரை நொடியில் அலை பின்வாங்கும் கோடு மட்டும் கிடைக்கும். இரண்டு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு அலை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூட்டமாகிவிடும். ஒவ்வொரு நொடியும் படத்தை மாற்றும். ஆறு ஒரே திசையில் ஓடுகிறது. பாறையில் நுரை விழும் இடம் பெரும்பாலும் மாறாது. எட்டு நொடியில் எடுத்ததற்கும் முப்பது நொடியில் எடுத்ததற்கும் தண்ணீரில் அதிக வித்தியாசம் இருக்காது. அதற்கு மேல் கூட்டுகிற நேரமெல்லாம் மேகத்துக்குத்தான் போகிறது. இது புரியாத பையன்கள் 10 ஸ்டாப் கறுப்புக் கண்ணாடியை வாங்கிவந்து எல்லாப் படத்தையும் இரண்டு நிமிடத்தில் எடுக்கிறார்கள்.

ஸ்டூடியோவில் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஆற்றில் மிதந்து வரும் ஓர் இலையைப் பார். ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணு. அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் வைத்தால் ஓட்டத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும். பாதி நேரம் வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலக்கும். முழு நேரம் வைத்தால் கோடே இருக்காது, வெறும் பளபளப்புதான். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஃபில்டரைப் போடு. 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். முப்பதில் ஒரு நொடியில் எடுக்க வேண்டியது 34 நொடியாகும், எட்டில் ஒரு நொடி இரண்டு நிமிடத்தைத் தாண்டும். மலை நிழல் விழுந்த ஆற்றுக்கு அவ்வளவு தேவையே இல்லை. 3 ஸ்டாப்போ 6 ஸ்டாப்போ போதும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். லாங் எக்ஸ்போஷர் தண்ணீரின் அளவை மறைத்துவிடும். ஷட்டர் திறந்திருக்கும் வரை விழுகிற வெளிச்சமெல்லாம் உண்டியலில் விழும் சில்லறை மாதிரி சேர்ந்துகொண்டே போகும். எது எப்போது விழுந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. மே மாதம் 100 கனஅடி வரும்போது தடுப்பணை விளிம்பில் தண்ணீர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வழியும். காற்றுக்கு ஆடி இடம் மாறி வழியும். கண்ணால் பார்த்தால் சிமென்ட்தான் அதிகம் தெரியும். முப்பது நொடி திறந்து வைத்தால் வழிந்த இடமெல்லாம் வெள்ளையாகச் சேர்ந்து விளிம்பு முழுக்க ஒரே தண்ணீராகக் காட்டும். ஐப்பசி மழையில் ஆயிரம் கனஅடி பொங்கி வரும்போது அதே முப்பது நொடி வைத்தால், அந்தப் பொங்கல், திரட்சி, எறிந்து விழும் துளி எல்லாம் சமமாகி அதே வெள்ளைத் திரைதான் வரும். வறண்ட ஆறும் பெருகிய ஆறும் படத்தில் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன.

என் கடைச் சுவரில் பழனிசெட்டிபட்டித் தடுப்பணையின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்று கோடையில் முப்பது நொடி. இன்னொன்று மழைக்காலத்தில் நாலில் ஒரு நொடி. "எதுல தண்ணி நிறையப் போகுது?" என்று கேட்டால் பலரும் முதலாவதைத்தான் காட்டுவார்கள். உத்தமபாளையம் பக்கத்திலிருந்து பேத்தி நிச்சயதார்த்த ஆல்பம் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"இது கோடைப் படந்தானப்பா?"

"எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?"

"கரையோரத்துப் பாசியப் பாரு, வெளுத்துக் கெடக்கு. தண்ணி ஏறி நின்னிருந்தா பச்சையால்ல இருக்கும். ஆத்துல தண்ணி இல்லாம இருக்கறப்ப இம்புட்டு அழகா எடுத்து வச்சிருக்கியே, வெளியூருக்காரன் பாத்தா என்ன நெனப்பான்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, விசாரித்தார். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஆளுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஓடாமல் நிற்கும் பொருள்கள் லாங் எக்ஸ்போஷரிலும் உண்மையைச் சொல்லும் என்பதை அவர் பார்வையில்தான் கவனித்தேன். பாசி, கரையின் ஈரக்கோடு, பாறையில் உப்புப் பூத்த வரி. இப்போது ஃபிரேம் கட்டும்போது அதில் ஒன்றாவது உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நுரையும் இதே கதைதான். தடுப்பணைக்குக் கீழே சுழல் இருக்கும் இடத்தில் நுரை வட்டமாகச் சுற்றும். பதினைந்து நொடியிலிருந்து முப்பது நொடிவரை வைத்தால் அழகான வளையங்கள் விழும். கேட்டு வாங்கிப் போகிறார்கள். அந்த நுரையில் பாதி வெள்ளத்தின் நுரை, பாதி சோப்பு நுரை. எங்கள் ஆறான முல்லையாறு கடந்து வரும் ஊர்களின் சாக்கடை ஆற்றில்தான் கலக்கிறது. கலங்கல் வெள்ளத்தில் வரும் நுரை பழுப்பாக இருக்கும், சீக்கிரம் உடைந்துவிடும். சாக்கடை நுரை வெள்ளையாக, கெட்டியாக, உடையாமல் சுற்றும். படத்துக்கு வளையம் நன்றாக விழுவது இரண்டாவதில்தான். மூக்கு உள்ளவனுக்கு அங்கே நிற்பதே சிரமம். படத்துக்கு வாடை கிடையாது.

நான் தொழில் பழகிய காலத்தில் பிலிம். இரவில் பல்பு எக்ஸ்போஷர் எடுக்க நிக்கான் எஃப்எம்2 போல ஒரு கேமரா கிடைப்பது பெரிய காரியம். முழுக்க மெக்கானிக்கல் ஷட்டர் என்பதால் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் பேட்டரி தீராது. பிலிமுக்கு வேறு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் மிகக் குறைந்தால் அது வாங்கும் சக்தியும் குறைந்துவிடும். கோடாக் தன் ட்ரை-எக்ஸ் பிலிமோடு கொடுத்த அட்டவணைப்படி, மீட்டர் 1 நொடி என்றால் 2 நொடி வைக்க வேண்டும், 10 நொடி என்றால் 50 நொடி, 100 நொடி என்றால் 1200 நொடி, அதாவது 20 நிமிடம். எங்கள் ஊர் அந்தியில் 20 நிமிடம் என்றால் அந்தியே அவ்வளவுதான். பிறகு வந்த ஃப்யூஜி ப்ரோவியா 100எஃப் இரண்டு நிமிடம் வரை திருத்தமே கேட்காது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நாங்கள்.

கறுப்பு ஃபில்டருக்கும் வழி இல்லாத நாட்களில் ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கண்ணாடி வாங்கி லென்ஸ் முன்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்வோம். படம் முழுக்கப் பச்சை அடிக்கும். பிளாக் அண்டு ஒயிட்டாக்கிவிட்டால் பச்சை தெரியாது. இன்றும் காலேஜ் பையன்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். முதலில் வெல்டிங் கண்ணாடியில் பழகு. நேரம் பிடிபட்ட பிறகு நல்ல ஃபில்டர் வாங்கு.

எங்கள் ஆறு போய்ச் சேரும் வைகையை முதன்முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த ராணுவ அதிகாரி. 1858 தொடக்கத்தில் மதுரையில் கோயிலையும் மகாலையும் எடுத்தவர், வைகையையும் அதன் குறுக்கே போட்ட தரைப்பாலத்தையும் எடுத்தார். மெழுகு ஏற்றிய தாளில் நெகட்டிவ் தயாரிக்கும் முறையில் தேர்ந்தவர் அவர். அந்த முறையை 1851-இல் வெளியிட்டவர் பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ க்ரே. கடல் படங்களுக்குப் பேர்போனவரும் அதே லெ க்ரேதான். அந்தக் காலத்து நெகட்டிவில் வானத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் வைத்தால் கடல் கறுத்துவிடும், கடலுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் லெ க்ரே சில படங்களில் வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை இன்னொன்றிலும் எடுத்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். ட்ரைப்போ வெளுத்துப்போன வானத்தில் நெகட்டிவின் மேலேயே மேகங்களைக் கையால் தீட்டினார். இன்று நாம் கிராஜுவேட்டட் ஃபில்டர் பிடிப்பதும், கம்ப்யூட்டரில் இரண்டு படத்தை ஒட்டுவதும் அதே சிக்கலுக்கான வைத்தியம்தான்.

தாள் நெகட்டிவுக்கு நல்ல வெயிலிலேயே நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டியிருக்கும். வேண்டுமென்று வைத்த லாங் எக்ஸ்போஷர் அல்ல, வேறு வழியில்லாமல் வைத்தது. நடந்துபோகும் ஆள் அதில் பதியமாட்டார், ஓடும் தண்ணீர் வழுவழுப்பாகிவிடும். ட்ரைப் எடுத்த அந்த வைகையில் பெரியாற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அது வந்து சேர இன்னும் 37 வருடம் இருந்தது. படத்தில் தேதி இருப்பதால்தான் இந்தக் கணக்கை நம்மால் போட முடிகிறது.

எங்கள் ஊருக்குக் கடல் என்றால் வைகை அணைதான். 1959-இல் திறந்தது. கணக்கில் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அணை நிரம்பியிருக்கும் நாளில் அக்கரை தெரியாத தண்ணீர், அதற்கு அப்பால் மேற்கே அடுக்கடுக்காக மலை. எங்கள் பக்கத்தில் அந்திக்கு நான் மேற்கே பார்த்து கேமராவை வைப்பது இங்கே மட்டும்தான். காற்றில் எழும் சிற்றலைக்கு இரண்டு நிமிடம் வைத்தால் தண்ணீர் கண்ணாடித் தகடாகும். அந்தத் தகட்டில் ஏதாவது ஒன்று அசையாமல் இருந்தால்தான் படம். நீர் இறங்கிய நாளில் வெளியே தெரியும் கல், நட்டு வைத்த வலைக் கம்பு, கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசல்.

ஒரு கார்த்திகை மாத அந்தியில் எடுத்ததைச் சொல்கிறேன். கரையோரம் சேற்றில் மூன்று வலைக் கம்புகள் நின்றன. சூரியன் மலைக்குப் பின்னால் போகும் முன்பே ட்ரைபாட்டை வைத்தாயிற்று. நடுத்தண்டைத் தூக்காமல், கால்களை அகல விரித்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டையான கல் வைத்தேன். சேற்றில் கல் இல்லாமல் வைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் ட்ரைபாட் அமிழும். ஃபில்டர் போடுவதற்கு முன் கம்பில் ஃபோகஸ் வைத்து ஆட்டோவை அணைத்தேன். ஃபில்டர் போட்டால் கேமராவுக்குக் கண் தெரியாது. லென்ஸில் ஆட்டம் குறைக்கும் வசதியையும் அணைத்தேன். ட்ரைபாட்டில் அது தானாகவே ஆடி படத்தைக் கெடுக்கும். வியூஃபைண்டரைக் கறுப்பு டேப்பால் மூடினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதன் வழியே நுழைந்து படத்தின் நடுவில் ஊதா நிறப் பட்டை போடும். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 6 ஸ்டாப் ஃபில்டர், கேபிள் ரிலீஸ். மீட்டர் கணக்கு 80 நொடி. வெளிச்சம் விழுகிற வேகத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தேன்.

ஒரு நிமிடம் தாண்டியிருக்கும். வலக்கைப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் பரிசலைத் துடுப்பால் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டு நேரே ஃபிரேமுக்குள் வந்தார். "போட்டா எடுக்கறீங்களா தம்பி? ஒதுங்கிக்கவா?" என்று நின்றுவிட்டார். நகர்ந்துகொண்டே இருந்திருந்தால் அவர் பதிந்திருக்கமாட்டார். மரியாதைக்கு நின்றதால் ஷட்டர் மூடும்வரை நாற்பது நொடி அதே இடத்தில் பரிசலோடு ஆடிக்கொண்டிருந்தார். படத்தில் கம்புகளுக்கு நடுவே அடர்த்தி இல்லாத ஒரு மனித உருவம், இடுப்புக்குக் கீழே பரிசலின் விளிம்பு ஒரு வட்டக் கீற்றாக. ஆள் வழியாக மலை தெரிகிறது. அழித்துவிடலாம், நேரம் ஆகாது. வைத்திருக்கிறேன். அந்த அணையில் அந்த நேரத்துக்கு மீன்பிடித் தொழில் நடந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி.

நெடுநேரம் திறந்த சென்சார் சூடேறிச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி போடும். அதை நீக்க கேமராவிலேயே ஒரு வசதி இருக்கிறது. எடுத்த படத்தின் அதே அளவு நேரத்துக்கு, ஷட்டரை மூடி வைத்து இன்னொரு வெற்றுப் படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும். இரண்டு நிமிடப் படத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் கேமரா கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும். 21 நிமிட அந்தியில் அது பெரிய செலவு. நான் அதை அணைத்துவிட்டு, இருட்டிய பிறகு லென்ஸை மூடி ஒரே ஒரு வெற்றுப் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் கழிக்கிறேன்.

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை காற்று. கேரளத்துப் பக்கம் மழை கொட்டும்போது எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். மேற்கு முகட்டைத் தாண்டி வழியும் மேகம் இறங்க இறங்கச் சூடேறிக் கரைந்துவிடும். ஒரு நிமிடம் திறந்து வைத்தால் மலைமேல் மேகம் ஆறாக வழிந்து பாதி வழியில் காணாமல் போவது படமாகும். கடற்கரைக்காரர்களுக்குக் கிடைக்காத காட்சி அது. நாற்று நடுவதற்குத் தண்ணீர் கட்டிய வயல் கீழே இருந்தால் அதே மேகம் தலைகீழாகவும் விழும். நட்ட பயிர் ஒரு சாண் எழும்பிவிட்டால் பிம்பம் போய்விடும். காற்றுக்கு ட்ரைபாட்டில் கல்மூட்டை தொங்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்தது. மூட்டை தரையைத் தொட்டுக்கொண்டு தொங்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் அதுவே ஊஞ்சலாடி கேமராவை ஆட்டும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்குக் கால் நொடி, அரை நொடி போதும். முப்பது நொடி வைத்தால் இறக்கை கரைந்து தூண் மட்டும் நிற்கும்.

கல்யாண ஜோடிகளை ஆற்றில் நிறுத்தி எடுப்பதற்கு அரை நொடிதான் உச்சம். மூச்சைப் பிடித்து நிற்கச் சொல்லி, கடைசியில் ஒரு சிறு ஃப்ளாஷ் அடித்தால் முகம் தெளிவாகவும் தண்ணீர் வழுவழுப்பாகவும் வரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். பாசனத்துக்கு மதகு பார்க்கும் லஸ்கர் ஒருவர் எனக்குச் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறேன்: "தம்பி, மேல கரண்டுக்குக் கூட்டி விட்டா எங்களுக்கே போன் வந்தாத்தான் தெரியும். தண்ணி நெறம் மாறுனாலோ, குச்சியும் சருகும் மொத்தமா வந்தாலோ, சாமானப் பாக்காத, ஆளக் கூட்டிக்கிட்டு ஏறிரு." கும்பக்கரையிலும் சுருளியிலும் வனத்துறை குளிக்கத் தடை போட்ட நாளில் படத்துக்கும் தடைதான். மேகமலைக்கு தென்பழனி சோதனைச்சாவடியில் மாலைக்கு மேல் விடமாட்டார்கள். அந்தி எடுக்க ஆசைப்பட்டால் மேலே தங்க முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்.

இப்போது போனே படத்தைத் தட்டையாக்கித் தருகிறது. அடுத்தடுத்துப் பல படம் எடுத்து, சராசரி போட்டு, தண்ணீரை வழுவழுப்பாக்கிவிடுகிறது. ஃபில்டரும் வேண்டாம், ட்ரைபாட்டும் வேண்டாம். தொழில் போச்சு என்று நான் புலம்பவில்லை. எல்லார் கையிலும் அது வந்துவிட்ட பிறகு, எந்த ஆற்றிலும் எப்போதும் தண்ணீர் நிறைந்தே ஓடுவதாகக் காட்டும் படங்கள் ஊர் முழுக்க நிறையும் என்பதுதான் என் கவலை.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விற்கும் ஒவ்வொரு பிரிண்டின் கீழ் ஓரத்திலும் ஒரு வரி இருக்கும். இடம், தேதி, நேரம், எத்தனை நொடி, அன்றைக்குப் பெரியாற்றிலிருந்து திறந்தது எத்தனை கனஅடி. "30 நொடி, 100 கனஅடி" என்று படித்தவர், ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளின் படம் என்று தெரிந்துகொள்வார். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சிலர், "எதுக்குண்ணே அது, ஃபிரேமுக்குள்ள மறைச்சுருங்க" என்பார்கள். அவர்களுக்கு ஆலப்புழையில் எடுத்த கடல் படம் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.